சுவர்க்கோழி சொன்ன சேதி

அன்புள்ள ஆசிரியருக்கு,

புனித அல்போன்ஸ் லிகோரியை எனக்குச் சிலுவைப்பாதை ஜெபங்கள் வழியாகத்தான் தெரியும். அவர் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரப் பேச்சுமொழியில் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு எழுதியதாக அண்மையில் படித்தேன். அவ்வளவு பெரிய இறையியலாளர் எதற்காகக் கொச்சையில் எழுத வேண்டும்? ஏழைகளுக்காக இறங்கி வந்தாரா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'கொச்சை' என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுவோம். நேப்பிள்ஸ் மொழி சிதைந்துபோன இத்தாலியம் அல்ல. லத்தீனிலிருந்து தனியாகக் கிளைத்தது. 1696இல் லிகோரி பிறப்பதற்கு அறுபது ஆண்டுகள் முன்பே பசீலே என்ற எழுத்தாளரின் கதைகள் அதில் அச்சாகிவிட்டன.

லிகோரி 16 வயதிலேயே சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 1723இல் ஒரு பெரிய வழக்கில் தோற்றதும் வக்கீல் தொழிலை விட்டார், 1726இல் குருவானார். அப்புறம் அவரைச் சுற்றி இருந்ததெல்லாம் நேப்பிள்ஸின் கூலிக்காரர்கள்தான். 1730இல் உடம்பு முடியாமல் ஓய்வெடுக்க அமால்ஃபி பக்கத்து மலையூரான ஸ்காலாவுக்குப் போனார். அங்கே ஆட்டிடையர்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தர ஆளே இல்லை. 1732இல் அதே ஊரில் ரிடெம்ப்டரிஸ்ட் என்ற துறவற சபையைத் தொடங்கினார்.

சரி, பாட்டுக்கு வருவோம். 'குவான்னோ நஷெத்தே நின்னோ', அதாவது 'குழந்தை பிறந்தபோது'. 'நின்னோ' நாம் 'கண்ணு' என்று கூப்பிடுவது மாதிரி வாஞ்சையான சொல். அந்த இரவு நண்பகல்போல் இருக்கிறது. சிறுத்தையோடு ஆட்டுக்குட்டி விளையாடுகிறது. விளையாடுவதற்கு அவர் போட்ட சொல் இத்தாலியக் காதில் பைத்தியம் என்பதுபோல் விழும். நேப்பிள்ஸ் பிள்ளைக்கு அது வெறும் விளையாட்டு. சிறுத்தையும் குட்டியும் விவிலியத்தின் எசாயா நூலிலிருந்து வந்தவை. ஆனால் பாட்டில் இரவுப்பூச்சிகளான சுவர்க்கோழிகள்கூட அங்கும் இங்கும் துள்ளி, 'பிறந்தாச்சு, பிறந்தாச்சு' என்று கத்துகின்றன. அவை எசாயாவில் கிடையாது. இரவெல்லாம் கிடை காத்தவனுக்குப் பழகிய சத்தம் அது. இதை இறங்கி வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் இத்தாலியத்தில் எழுதிய 'தூ ஷெந்தி தாலே ஸ்தெல்லே'தான் இன்று அதிகம் பாடப்படுகிறது. இரண்டின் மெட்டும் நெருங்கிய சொந்தம். அதில் குழந்தை குகையில் குளிரில் நடுங்குகிறது. நெஞ்சை உருக்கும் பாட்டுதான். நேப்பிள்ஸ் பாட்டிலோ அதே குளிர்காலத்தில் ரோஜாவும் பூக்களும் ஆயிரமாயிரமாய் மலர்கின்றன. எனக்கு இதுதான் ஒருபடி மேல்.

தேடிக் கேளுங்கள். முதல் சரணத்தோடு நிறுத்திவிடாதீர்கள், சுவர்க்கோழி அதற்கப்புறம்தான் வருகிறது.

அன்புடன்.