ஒருவரிடம் மட்டும் கேட்கப்படும் கேள்வி

வாசகர் கேள்வி – பதில்
பதில் தருபவர்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை, திருகோணமலை

அமெரிக்கத் தேர்தல்கள் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். கறுப்பின வேட்பாளருக்கு அங்கே ஒரு நியாயம், வெள்ளையின வேட்பாளருக்கு இன்னொரு நியாயம் என்பதுதான் அதன் சாரம். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நாலு வரி போதாது என்று தெரிகிறது. இந்த முறை பக்கம் முழுவதும் அந்த விஷயம்தான்.

*கேள்வி: ஒரு நாட்டின் ஜனாதிபதியாக வர விரும்புகிறவரிடம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்பதில் என்ன பிழை, ரீச்சர்? ஒபாமாவிடம் கேட்டதை ஏன் இனவாதம் என்கிறீர்கள்?*
– வாசகர், உப்புவெளி

கேட்பதில் பிழையே இல்லை. பிறப்பாலேயே குடியுரிமை பெற்றவராக இருக்கவேண்டும், 35 வயது நிரம்பியிருக்கவேண்டும், 14 வருஷம் அந்த நாட்டில் வசித்திருக்கவேண்டும் என்று அமெரிக்க அரசியலமைப்பே சொல்கிறது. யாரிடம் கேட்டார்கள், பதில் கிடைத்த பிறகும் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கச் சொல்கிறேன்.

2008இல் போட்டியிட்ட இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒபாமா 1961 ஓகஸ்ட் 4ஆம் திகதி ஹவாயின் ஹொனலுலுவில் பிறந்தவர். ஹவாய் அதற்கு இரண்டு வருஷம் முன்பே அமெரிக்க மாநிலமாகிவிட்டது. அவர் பிறந்த செய்தி அந்த மாதமே ஹொனலுலுப் பத்திரிகைகள் இரண்டில் வந்திருக்கிறது. ஜோன் மெக்கெய்ன் பிறந்தது அமெரிக்காவிலேயே இல்லை. 1936இல் பனாமாக் கால்வாய் வலயத்தில், தகப்பன் கடற்படை அதிகாரியாக இருந்த தளத்தில் பிறந்தார். சட்டப்படி ஒரு சந்தேகம் எழுப்புவதானால் யாரைப் பற்றி எழுப்ப இடமிருந்தது? மெக்கெய்னைப் பற்றித்தான். சட்ட அறிஞர்கள் சிலர் எழுப்பவும் செய்தார்கள். உடனே 2008 ஏப்ரலில் செனட் சபை, அவர் பிறப்பால் குடிமகனே என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்துக்குத் துணைநின்று பெயர் கொடுத்தவர்களில் ஒபாமாவும் ஒருவர். பேச்சு அதோடு அடங்கியது. அது நல்ல முடிவு. நாட்டுக்காகக் கடமையில் வெளியே போனவரின் பிள்ளைக்கு உரிமை குறையக்கூடாது. கடற்படைத் தளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிற எங்கள் ஊராருக்கு இதை விளக்கவும் தேவையில்லை.

ஒபாமாவுக்கு நடந்தது என்ன? 2008 ஜூனிலேயே பத்திரத்தை வெளியிட்டார். அது போலி என்றார்கள். ஹவாய் மாநில அதிகாரிகள் உண்மையானது என்றார்கள், அதையும் ஏற்கவில்லை. ஜனாதிபதியாகி இரண்டு வருஷம் தாண்டிய பிறகும், 2011 ஏப்ரல் 27ஆம் திகதி, முழு நீளப் பத்திரத்தை எடுத்துக் காட்டவேண்டி வந்தது. இதை உரத்துக் கிளப்பிய டொனால்ட் ட்ரம்ப், 2016 செப்டெம்பரில், தான் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோதுதான் ஒபாமா அமெரிக்காவில் பிறந்தவர் என்று வாய்திறந்து ஒப்புக்கொண்டார். முதல் பத்திரம் வெளிவந்து எட்டு வருஷமாகியிருந்தது.

இது ஏன் எனக்கு உறைக்கிறது என்றால், யுத்த காலத்தில் இங்கேயிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போன எவருக்கும் இது தெரியும். சோதனைச் சாவடியில் பஸ் நிற்கும். எங்களை இறங்கச் சொல்வார்கள். சிலர் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். என்னிடம் அடையாள அட்டை இருந்தது, பாடசாலை அதிபர் தந்த கடிதம் இருந்தது. கடிதத்தைக் காட்டினால் அதற்கு மேல் இன்னொரு கடிதம் கேட்பார்கள். பாதுகாப்புக்காகச் சோதிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஜன்னலோரத்தில் இருந்தவரிடம் கேட்காததை என்னிடம் மட்டும் கேட்டார்கள், காட்டிய பிறகும் நம்பவில்லை. ஒபாமாவின் கதையை வாசிக்கும்போது நான் அந்தப் பஸ்ஸுக்கு வெளியேதான் நிற்கிறேன்.

*கேள்வி: அப்படியானால் சிறுபான்மை வேட்பாளரைக் குறையே சொல்லக்கூடாதா? எதைச் சொன்னாலும் இனவாதம் என்றால் பிறகு தேர்தல் எதற்கு?*
– வாசகர், மூதூர்

சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதே 2008இல் ஒபாமாவின் தேவாலயப் போதகர் ஜெரமியா ரைட் முன்னர் ஆற்றிய பிரசங்கங்களின் காணொளிகள் வெளிவந்தன. அமெரிக்காவைக் கடுமையாகத் திட்டியிருந்தார். இருபது வருஷமளவு அந்தச் சபையோடு இருந்தவரிடம் அதுபற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. ஒபாமா மார்ச் 18ஆம் திகதி பிலடெல்பியாவில் இனம் பற்றியே ஒரு நீண்ட உரை ஆற்றிப் பதில் சொன்னார். பதில் பிடித்தவர்கள் வாக்களித்தார்கள், பிடிக்காதவர்கள் விட்டார்கள். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை.

எங்கள் நாட்டு உதாரணம் வேண்டுமா? 2019இல் கோட்டாபய ராஜபக்ஷவின் குடியுரிமை பற்றி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அவர் அமெரிக்கப் பிரஜையாக இருந்தவர். அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் இரட்டைக் குடியுரிமையாளர் போட்டியிடுவதைத் தடுத்திருந்தது. கேள்விக்கு ஓர் அடிப்படை இருந்தது. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது, அவர் போட்டியிட்டார். அதே சட்டத்தால் 2017இல் கீதா குமாரசிங்க பாராளுமன்ற ஆசனத்தையே இழந்தார். பெரும்பான்மை இனத்தவரையும் பிடிக்கிற சட்டம் அது. ஆதாரத்தை வைத்து, எவராக இருந்தாலும் கேட்டால் அது விசாரணை. முகத்தைப் பார்த்துக் கேட்டால், பதில் வந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தால், அது வேறு.

*கேள்வி: கமலா ஹாரிஸ் எங்கள் தமிழ்ப் பெண் என்பதால்தானே தோற்கடித்தார்கள்?*
– வாசகி, வவுனியா

தங்கச்சி, ஒரு தேர்தல் தோல்விக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. 2024இல் அங்கே சாமான் விலை பெரிய பிரச்சினை, குடியேறிகள் பிரச்சினை இருந்தது, பைடன் விலகியதால் அவருக்குக் கிடைத்த காலமும் குறைவு. அதையெல்லாம் விட்டுவிட்டு இனத்தால் மட்டும் தோற்றார் என்று நான் எழுதமாட்டேன்.

ஆனால் அவரை எடைபோட்ட விதத்தைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் அரச வழக்குத்தொடுநர், பிறகு கலிபோர்னியா மாநிலத்தின் சட்டமா அதிபர், செனட்டர், உப ஜனாதிபதி. 2004இலிருந்து இடைவெளியில்லாமல், மக்கள் வாக்கால் வந்த பதவிகள். அவரை, இனத்தைக் காட்டிப் பதவி பெற்றவர் என்று எதிர்க்கட்சிக்காரர் சிலர் வெளிப்படையாகவே சொன்னார்கள். எதிரணியின் உப ஜனாதிபதி வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் செனட்டரானது 2023 ஜனவரியில். ஒன்றரை வருஷ அனுபவம். அவருக்கு அனுபவம் போதாது என்று சொன்னவர்கள் உண்டு. வெள்ளையர் என்பதால் கிடைத்த இடம் என்று எவரும் சொல்லி நான் வாசிக்கவில்லை. அப்புறம், 2024 ஜூலை 31ஆம் திகதி சிக்காகோவில் கறுப்பின ஊடகவியலாளர்களின் முன்னால் ட்ரம்ப், ஹாரிஸ் இந்தியராக இருந்துவிட்டுத் திடீரென்று கறுப்பினத்தவராக மாறிவிட்டார் என்ற மாதிரிப் பேசினார். ஹாரிஸின் தகப்பன் ஜமேக்காக்காரர். அவர் படித்தது கறுப்பின மாணவர்களுக்கென்று உருவான ஹவார்ட் பல்கலைக்கழகத்தில். அவர் எதையும் மறைத்து வைத்திருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தாய்வழிப் பாட்டனாரின் ஊரான, தமிழ்நாட்டுத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை வைத்தார்கள். இங்கேயும் பலர் வெற்றி கேட்டு நேர்த்தி வைக்காத குறை. சந்தோஷப்படுங்கள். ஆனால் அவருடைய வரிக் கொள்கை என்ன, காஸா யுத்தத்தில் அவர் எடுத்த நிலை சரியா என்று கேட்காமல் இரத்தத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போட்டால், இரத்தத்தைப் பார்த்துப் புள்ளி குறைத்தவர்களிடம் நாங்கள் எப்படி நியாயம் கேட்பது?

*கேள்வி: ஒபாமாவுக்குப் பத்திரம் கேட்டதற்கு இவ்வளவு எழுதுகிறீர்கள். எங்கள் பாட்டன்மாரிடம் கேட்டதைப் பற்றி எழுதுவீர்களா?*
– வாசகர், ஹற்றன்

எழுதத்தான் வேண்டும். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்கு வேறு பல தொகுதிகளிலும் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. அடுத்த வருஷமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது, தகப்பன் இங்கே பிறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். லயத்தில் பிறந்தவர்களின் பாட்டனுக்கு எங்கே பத்திரம்? சிங்களக் கிராமங்களிலும் எத்தனையோ பேரின் பாட்டனுக்குப் பத்திரம் இருந்திருக்காது. அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் எழுத்தில் இனத்தின் பெயரே இல்லை, அது எல்லோருக்கும் பொதுவான சட்டம். காட்டச் சொன்னது மட்டும் ஒரு சாராரிடம். இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1947இல் ஏழு பேரை அனுப்பிய மக்கள், வாக்குப் போட்டு மறுபடியும் ஒருவரைப் பாராளுமன்றம் அனுப்ப 1977 வரை காத்திருந்தார்கள். நுவரெலியா – மஸ்கெலியாவில் மலையகத் தலைவர் தொண்டமான் வென்றார்.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, செல்வநாயகம் இந்த விஷயத்தில் தமிழ்க் காங்கிரஸை விட்டுப் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார் என்பதைப் பிள்ளைகள் பெருமையாக எழுதுவார்கள். சரி. ஆனால் 77 கலவரத்தின் பிறகு மலையகத்திலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் பிள்ளை ஒருவர் பிரதேச சபைக்குக் கேட்டால், "இவர் எந்த ஊர்?" என்றுதான் இன்றைக்கும் முதல் கேள்வி வருகிறது. நாற்பது வருஷத்துக்கு மேலாக அவர் இந்த ஊர்தான். இதைக் கேட்கிறபோது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

*கேள்வி: எனக்கு 19 வயது. முஸ்லிம் வேட்பாளர் தன் ஆட்களுக்குத்தான் செய்வார், சிங்கள வேட்பாளருக்கு எங்கள் கஷ்டம் விளங்காது என்கிறார் அப்பா. எங்கள் தமிழ் உறுப்பினர்கள் ஒன்றும் செய்யவில்லையே என்றால், "அரசாங்கம் விடாது" என்கிறார். நான் எப்படிப் பேசுவது?*
– வாசகர், பாலையூற்று

தம்பி, முதலில் அப்பாவை இனவாதி என்று முடிவுகட்டாதீர்கள். இந்த மாவட்டத்தில் 1985, 1990, 2006 வன்முறைகளைப் பார்த்தவர்கள், ஆபத்துக்கு ஓட யாராவது தன் ஆள் வேண்டும் என்று நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழருக்குப் பேசினால் இனவாதி என்ற பட்டமும் அவர் கேட்டு வளர்ந்தது. 1977இல் எதிர்க்கட்சித் தலைவரான தமிழ்த் தலைவர் அமிர்தலிங்கத்துக்கு எதிராக 1981இல் ஆளுங்கட்சியே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. எதிர்க்கட்சித் தலைவருக்கு அரசாங்கம் நம்பிக்கையில்லாத் தீர்மானம்! 2024 ஜனாதிபதித் தேர்தலில் அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றபோதும் அது இனவாதம் என்றார்கள். 2019இல் அநுராதபுரத்தில் பதவியேற்ற ஜனாதிபதி கோட்டாபய, சிங்கள மக்களின் வாக்கால் வெல்வேன் என்று தெரியும் என்று அந்த மேடையிலேயே சொன்னார். அதற்கு எத்தனை பேர் அந்தப் பெயரை வைத்தார்கள்? அப்பாவின் பேச்சுக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

ஆனாலும் அப்பாவின் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. தமிழ் உறுப்பினர் செய்யாவிட்டால் பழி அரசாங்கத்துக்கு, முஸ்லிம் உறுப்பினர் செய்யாவிட்டால் பழி அவருடைய இனத்துக்கு. முஸ்லிம்கள் அதிகமுள்ள கிண்ணியாவில் போய் இருந்தால் இதையே மாற்றிச் சொல்வார்கள், சிங்களவர் அதிகமுள்ள சேருவிலவில் இன்னொரு மாதிரிச் சொல்வார்கள்.

நான் பரீட்சை விடைத்தாள் திருத்தியவள். தாளில் பெயர் இருக்காது, சுட்டெண் மட்டும்தான். பெயர் தெரிந்தால் எங்கள் கை எங்களை அறியாமலே மாறும் என்று தெரிந்துதான் அப்படி வைத்தார்கள். அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் பொஸ்டனிலும் சிக்காகோவிலும் வேலை விளம்பரங்களுக்கு ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரே மாதிரித் தகைமைகளுக்கு மேலே பெயரை மட்டும் மாற்றினார்கள். வெள்ளையினப் பெயருக்குப் பத்து விண்ணப்பத்துக்கு ஒரு அழைப்பு வந்தது, கறுப்பினப் பெயருக்குப் பதினைந்துக்கு ஒன்று. 2004இல் வெளியான ஆய்வு அது. வேட்பாளரைச் சுட்டெண்ணால் தெரிவுசெய்ய முடியாது, முகமும் பெயரும் சுவரொட்டியில் இருக்கும். ஆனால் கேள்விகளை முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.

நீங்கள் அதைச் செய்யுங்கள். எங்கள் மாவட்டத்துக்கு நாலு உறுப்பினர்கள், ஒரு கட்சியின் பட்டியலில் ஏழு பெயர், உங்களுக்கு மூன்று விருப்பு வாக்கு. பெரிய கட்சிகளின் பட்டியலில் மூன்று இனத்தவரும் இருப்பார்கள். பிரசாரம் தொடங்க முதல் அப்பாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள். சுருக்குவலை விஷயத்தில் என்ன நிலை? குச்சவெளி, திரியாய்ப் பக்கக் காணிப் பிரச்சினையில் இதுவரை என்ன செய்தீர்கள்? கிடைத்த ஒதுக்கீட்டில் எந்த ஊருக்கு எவ்வளவு போனது? சொத்து விபரம் காட்டுவீர்களா? வாசலுக்கு எவர் வந்தாலும், ஒரு கேள்வியும் கூட்டாமல் குறைக்காமல் அதையே கேளுங்கள். சிங்கள வேட்பாளருக்கு மொழிபெயர்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட வைத்திருங்கள். "அரசாங்கம் விடவில்லை" என்று தமிழ் உறுப்பினர் சொன்னால், எப்போது, எந்தக் கூட்டத்தில் கேட்டீர்கள் என்று கேளுங்கள். மற்றவர் அதே சாட்டைச் சொன்னாலும் அதே கேள்வி.

அவர்கள் சொன்ன பதில்களைக் குறித்து எனக்கு அனுப்புங்கள். கட்சி பார்க்காமல், வெட்டாமல், இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.