பிகோனியா: வேர் விட்டது, கிழங்கு எங்கே?

கேள்வி: கிழங்கு பிகோனியா என்ற பூச்செடியின் தண்டை வெட்டி நட்டேன். வேர் விட்டு நன்றாக வளர்ந்தது. இலை உதிரும் பருவத்துக்குப் பிறகு துளிர்க்கவேயில்லை. தோண்டினால் கிழங்கே இல்லை. ஏன்?

பதில்: வெட்டிய இடம்தான் காரணமாக இருக்கும். மண்ணுக்குள் போகும் அடிக்கணுவில் (கணு என்பது தண்டில் இலை முளைக்கும் இடம்) உயிருள்ள மொட்டு இருந்தால்தான் கிழங்கு திரளும். இரு கணுக்களுக்கு நடுவே வெட்டி, மொட்டில்லாத துண்டை நட்டாலும் வேர் வரும். ஆனால் அடுத்த பருவத்துக்குச் செடி மிஞ்சாது.

கிழங்கு முளைவிட்டு, தளிர் 7 முதல் 10 செ.மீ. ஆனதும் அந்தத் தளிரை நடுவதற்கு எடுங்கள். கிழங்கின் சிறு சீவலோடு வந்தால் மிக நல்லது. இல்லையேல் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். தாய்க்கிழங்கில் ஒரு தளிராவது இருக்கட்டும். அடி இலைகளை நீக்கும்போது கணு மொட்டைக் கிள்ளிவிடாதீர்கள் (பலர் தவறுவது இங்கேதான்). தென்னை நார்க்கழிவும் பெர்லைட்டும் (லேசான வெள்ளை எரிமலைக்கல் குருணை) சம அளவு கலந்து, கணு புதையும்படி நடுங்கள். பாலித்தீன் பையால் மூடி, நேர்வெயில் படாமல் 20 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் 3, 4 வாரங்களில் வேர் பிடிக்கும். பையைத் தினமும் சற்றுநேரம் திறக்காவிட்டால் சாம்பல் பூஞ்சை வரும். ஈரம் மிஞ்சினால் அடித்தண்டு அழுகும்.

முதல் பருவத்தில் பூமொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள். பருவக் கடைசியில் வெட்டி நட்டால், செடி ஓய்வுக்குப் போவதற்குள் கிழங்கு பருக்க நேரம் போதாது.