பணம் யார் பேர்ல இருக்கணும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோயம்புத்தூர் பக்கம் ஒரு மில்லுல அக்கவுண்ட்ஸ்ல 33 வருஷம் ஓட்டிட்டேன். வர்ற மாசம் 58 முடிஞ்சு ரிட்டயர் ஆகறேன். பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேத்து 36 லட்சம் வரும், பென்ஷன் 4,800 தான். பையன் மேடவாக்கத்துல பிளாட் பாத்து வெச்சுட்டு "25 லட்சம் குடுங்கப்பா, எப்படியும் எனக்குத்தானே"ங்கறான். வீட்டுலயும் குடுத்துரலாம்ங்கறாங்க. என்ன பண்ணட்டும் சார்?

பதில்: 25 எல்லாம் குடுக்காதீங்கண்ணே. எப்படியும் அவருக்குத்தான், ஆனா அது உங்களுக்கும் அண்ணிக்கும் அப்புறம்தானே, இப்பவே எதுக்கு? எங்க பெரியப்பா இப்படித்தான் வந்த பணம் மொத்தத்தையும் மகன் வீட்டு மேல்மாடிக்குப் போட்டாரு, சோத்துக்குக் குறையில்ல, மகனும் நல்லாத்தான் பாத்துக்கிட்டான், ஆனா மனுசன் கல்யாணம் காதுகுத்துக்குப் போறதையே கொஞ்சங்கொஞ்சமா நிறுத்திட்டாரு, கேட்டா மூட்டு வலின்னுவாரு. மொய்க்கவர்ல வெக்க 500 ரூவா மருமககிட்ட கேக்கணுமேன்னுதான் போகலன்னு பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

போஸ்ட் ஆபீஸ்லயும் பேங்க்லயும் சீனியர் சிட்டிசன் சேவிங்ஸ் ஸ்கீம் இருக்கு. 60 ஆகலையேன்னு விட்டுராதீங்க, ரிட்டயர் ஆனவங்க 55 லயே சேரலாம், ஆனா பணம் கைக்கு வந்து 3 மாசத்துக்குள்ள போட்டாகணும், அதனால மில்லுல ரிட்டயர்மென்ட் லெட்டரையும் பணம் குடுத்த தேதி போட்ட பேப்பரையும் இப்பவே சொல்லி வெச்சு, பணம் வந்ததும் கையோட வாங்கிக்குங்க. அதிகபட்சம் 30 லட்சம் போடலாம், இப்ப வட்டி 8.2 சதவீதம், 5 வருஷத்துக்கு மாறாது. 30ம் போட்டா 3 மாசத்துக்கு ஒருக்கா 61,500 வரும், அதாவது மாசம் 20,500, கூட உங்க பென்ஷன். அண்ணியை ஜாயின்ட்டா சேத்துருங்க. வட்டிக்கு டாக்ஸ் கணக்கு உண்டு, நடுவுல எடுத்தா பிடிப்பாங்க, அதையும் சொல்லிடறேன்.

மீதி 6 லட்சத்துல 3 ஆஸ்பத்திரி செலவுக்குன்னு எஃப்டில கெடக்கட்டும், 3 பையனுக்குக் குடுங்க, சந்தோஷமா குடுங்க. பாக்கிக்கு அவர் ஹோம் லோன் போடட்டும், சம்பளம் வாங்கற வயசுதானே, பட்ஜெட் இடிச்சா கொஞ்சம் சின்ன பிளாட்டா பாக்கட்டும். முகத்தைத் தூக்கி வெச்சுக்குவாரு, ஒரு தீபாவளி வரைக்கும்.

கேள்வி: வயசு 27, கம்பெனி மாறிட்டேன். பழைய பிஎஃப்ல 1.8 லட்சம் இருக்கு, எடுத்து பைக் வாங்கலாமா?

பதில்: வேணாம் தம்பி. யுஏஎன், அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் நம்பர், ஒண்ணுதானே, புது கம்பெனிக்கு டிரான்ஸ்பர் போடுங்க. மொத்தம் 5 வருஷ சர்வீஸ் ஆகறதுக்குள்ள எடுத்தா டாக்ஸ் வரும், பிஎஃப்ல பென்ஷனுக்குன்னு ஒதுக்கின பங்கையும் சேத்து எடுத்துட்டா மாசப் பென்ஷனுக்கு வேணுங்கற 10 வருஷத்தை மறுபடி முதல்லேருந்து எண்ணணும். மேல சொன்ன அண்ணனுக்கு 36 லட்சம் வருதுன்னா 33 வருஷம் கை வெக்காம விட்டதுனாலதான். பழைய பைக் ஓடுதுல்ல?