பேட்டரி டிரில்: வேகம் ஒன்று, வலு வேறு

பேட்டரியில் இயங்கும் டிரில்லைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய ஐயங்களில், வேகத்தையும் வலுவையும் ஒட்டியவற்றுக்கு மட்டும் இங்கே விடை தருகிறோம்.

கேள்வி: டிரிக்கரை மெல்ல அழுத்தினால் டிரில் மெதுவாகவும், முழுதும் அழுத்தினால் வேகமாகவும் சுழல்கிறது. உள்ளே பேட்டரியின் வோல்டேஜ் குறைக்கப்படுகிறதா? மெதுவாகச் சுழலும்போது எழும் மெல்லிய கீச்சொலி பழுதின் அறிகுறியா?

பதில்: பேட்டரியின் வோல்டேஜ் குறைக்கப்படுவதில்லை; அது மோட்டாருக்குக் கிடைக்கும் நேரம்தான் கூட்டிக் குறைக்கப்படுகிறது. டிரிக்கருக்குப் பின்னால் உள்ள சுவிட்ச் பெட்டியில், டிரிக்கர் எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதை உணரும் அமைப்பும், அதற்கேற்ப மின்னோட்டத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இணைத்துத் துண்டிக்கும் மாஸ்ஃபெட் என்ற மின்னணுச் சுவிட்சும் இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் 30 விழுக்காடு நேரம் மட்டுமே இணைப்பு நீடித்தால், 18 வோல்ட் பேட்டரியிலிருந்து மோட்டாருக்குச் சராசரியாக 5.4 வோல்ட்தான் கிடைக்கும். மோட்டாரின் கம்பிச்சுருள் மின்னோட்டத்தின் திடீர் மாற்றத்தை எதிர்ப்பதால், இணைப்பு விட்டுவிட்டு வந்தாலும் சுருளில் மின்னோட்டம் ஏறத்தாழச் சீராகவே ஓடுகிறது.

இதே வேலையை ஒரு மின்தடையை வைத்துச் செய்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தால் இம்முறையின் அருமை விளங்கும். மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் 12 வோல்ட்டைத் தடையில் இழக்க வைத்தால், 120 வாட் வெப்பம் கைப்பிடிக்குள்ளேயே உண்டாகும்; அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்ய இயலாது. மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்தோ முழுதாக மூடியோ இருப்பதால் அதில் வீணாவது சொற்பம்.

கீச்சொலி, அந்த இணைப்புத் துண்டிப்பின் அதிர்வெண் நம் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால் எழுவது. டிரிக்கரை முழுதும் அழுத்தியதும் துண்டிப்பு நின்றுவிடுவதால் ஒலியும் நின்றுவிடும். அது பழுதன்று. ஆனால் துளையிடும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் சுழலாமல் கீச்சொலி மட்டும் கேட்டால் உடனே விரலை எடுத்துவிடுங்கள். சுழலாத மோட்டாருக்குள் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

கேள்வி: என் டிரில்லின் மேற்புறத்தில் 1, 2 என்று குறித்த ஒரு தள்ளுப்பொத்தான் இருக்கிறது. நான் எப்போதும் 2-இல் வைத்துக்கொண்டு, வேகம் குறைவாக வேண்டுமானால் டிரிக்கரைப் பாதியளவே அழுத்துகிறேன். மரத்தில் பெரிய துளை போட்டபோது டிரில் திணறி நின்று, கருகிய வாடையும் வந்தது. டிரிக்கரே வேகத்தைக் குறைக்கும்போது கியர் எதற்கு?

பதில்: டிரிக்கர் மோட்டாரின் வேகத்தையே குறைக்கிறது, கியரோ மோட்டாரை அதன் வேகத்தில் ஓடவிட்டு, சக்கின் வேகத்தை மட்டும் குறைக்கிறது. வெளியில் ஒரே வேகமாகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் வலுவில் பெரும் வேறுபாடு உண்டு.

சுழலும் தண்டு தரும் திறனை அறிய, நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை (தண்டு திருப்பும் வலுவை) நிமிடச் சுற்றுகளால் பெருக்கி 9.55-ஆல் வகுத்தால் போதும். விடை வாட்டில் வரும். பல 18 வோல்ட் டிரில்களில் முதல் கியரின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 400 முதல் 500 சுற்றாகவும், இரண்டாம் கியரில் 1500 முதல் 2000 சுற்றாகவும் இருக்கும். மோட்டார் 300 வாட் தருவதாகக் கொண்டால், இரண்டாம் கியரில் 1700 சுற்றில் கிடைப்பது ஏறத்தாழ 1.7 நியூட்டன் மீட்டர். அதே 300 வாட் முதல் கியரில் 450 சுற்றில் 6.4 நியூட்டன் மீட்டராகிறது. மாறாக, இரண்டாம் கியரிலேயே டிரிக்கரைத் தளர்த்தி 450 சுற்றுக்குக் கொண்டுவந்தால் முறுக்குவிசை அப்படிப் பெருகுவதில்லை. சராசரி வோல்டேஜும் குறைந்துவிட்டதால், மோட்டார் தரக்கூடிய உச்ச வலுவே சுருங்கிவிடுகிறது. உங்கள் டிரில் திணறியது அதனால்தான்.

வாடை வந்த காரணமும் இதைச் சார்ந்ததே. சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கிக்கொண்டு, பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்துகிறது. சுழற்சி நின்றால் அந்தத் தடுப்பும் போய்விடும். கம்பிச்சுருளின் மிகச் சிறிய மின்தடை ஒன்றே எஞ்சுவதால் மின்னோட்டம் பன்மடங்கு ஏறி, அத்தனையும் வெப்பமாகிறது. குளிர்விக்கும் விசிறியோ மோட்டாரின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. மோட்டார் நின்றால் காற்றும் நின்றுவிடும். சில நொடிகளில் கம்பியின் மேற்பூச்சு கருகத் தொடங்குவது இவ்வாறே.

ஆகவே 25 மி.மீ. தட்டை பிட், வட்டமாக அறுத்தெடுக்கும் ஹோல்சா, நீண்ட மரத்திருகு ஆகியவற்றுக்கு முதல் கியரில் வைத்து, டிரிக்கரைத் தயங்காமல் முழுதும் அழுத்துங்கள். சிறிய துளைகளுக்கும், சுத்தியல் அடியோடு சுவரில் துளையிடுவதற்கும் இரண்டாம் கியர் ஏற்றது. அடிகளின் எண்ணிக்கை சக்கின் வேகத்தோடு இணைந்தது என்பதால் வேகம் அங்கே தேவைப்படுகிறது. துளையைத் தொடங்கும்போது பிட் வழுக்காமல் இருக்கவும், திருகு பலகையில் உட்காரும் கடைசி நொடியில் வேகத்தைத் தளர்த்தவும் டிரிக்கரின் மென்மை உதவும். கியருக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தக் கூடாது. இன்னொன்று: கியரை மாற்றும்போது சக் நின்றிருக்க வேண்டும். பொத்தான் முழுதாக நகரவில்லையென்றால், அதை வலிந்து தள்ளாமல் சக்கைக் கையால் சற்றுத் திருப்பிவிட்டுத் தள்ளினால் பற்கள் பொருந்திக்கொள்ளும்.

கேள்வி: சக்கின் பின்னால் 1 முதல் 20 வரை எண்கள் கொண்ட வளையம் இருக்கிறதே, அது வேகத்தின் அளவா?

பதில்: வேகமும் அன்று, திறனும் அன்று, முறுக்குவிசைக்கு இடப்படும் மேல்வரம்பு அது. கியர்ப் பெட்டியின் வெளிப்புறப் பல்வளையத்தைச் சிறு எஃகுக் குண்டுகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் அசையாமல் பிடித்திருக்கின்றன. எண்ணைக் கூட்டும்போது ஸ்பிரிங் மேலும் இறுகுகிறது. திருகின் எதிர்ப்பு அந்த இறுக்கத்தை மிஞ்சியதும், குண்டுகள் மேடுகளைத் தாண்டி வழுக்க, மோட்டார் சுழன்றுகொண்டிருக்கையிலேயே சக் நின்றுவிடுகிறது. அப்போது கேட்கும் ‘டக் டக்’ ஓசை அந்தக் குண்டுகளுடையது. டிரில் படம் குறித்த இடத்தில் வைத்தால் வழுக்கல் முற்றிலும் தடுக்கப்படும். எண்களுக்கு அலகு எதுவும் கிடையாது. ஒரு கருவியின் 8 மற்றொன்றின் 8-க்குச் சமமாகாது. உதவாத ஒரு பலகைத் துண்டில் சிறிய எண்ணிலிருந்து தொடங்கி, திருகுத் தலை பலகையோடு சமமாக உட்காரும் எண்ணைக் கண்டுகொள்வதே சரியான வழி.

கேள்வி: 18 வோல்ட் டிரில்லை விட 20 வோல்ட் டிரில் வலுவானதா? 2 ஆம்பியர்-மணி பேட்டரிக்குப் பதிலாக 5 ஆம்பியர்-மணி பேட்டரியைப் பொருத்தினால் வலு கூடுமா, வேலை செய்யும் நேரம் மட்டும் கூடுமா?

பதில்: முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டிலும் தொடராக இணைத்த ஐந்து லித்தியம் அயனி செல்களே உள்ளன. ஒரு செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.6 என்று எடுத்துப் பெருக்கினால் 18. முழுதாகச் சார்ஜ் ஏறிய நிலையை எடுத்தால் 20-ஐ எட்டும். பெட்டியில் எந்த எண்ணை அச்சிடுவது என்பது விற்பனைத் துறையின் விருப்பம். கருவிக்கு அதில் பங்கில்லை.

இரண்டாம் கேள்வி சற்று ஆழமானது. நேரம் கூடும் என்பது வெளிப்படை: முதலாவதில் 36 வாட்-மணி, இரண்டாவதில் 90 வாட்-மணி. கடினமான வேலையில் வலுவும் கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2 ஆம்பியர்-மணி பேட்டரியில் வழக்கமாக ஐந்து செல்களும், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இரண்டிரண்டாக இணைத்த பத்துச் செல்களும் இருக்கும். ஒரு செல்லின் உள்தடையை 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 30 ஆம்பியர் இழுக்கும்போது ஐந்து செல் பேட்டரி 3 வோல்ட்டைத் தனக்குள்ளேயே இழந்துவிடும். பத்துச் செல் பேட்டரி இழப்பது 1.5 வோல்ட் மட்டுமே. மிச்சமாகும் வோல்டேஜ் மோட்டாருக்குக் கிடைக்கிறது. எனினும் சிறு திருகுகளை முடுக்க மோட்டார் இவ்வளவு மின்னோட்டத்தை இழுப்பதில்லை என்பதால், அவ்வேலைக்குப் பெரிய பேட்டரி வீண் சுமை. தலைக்கு மேலே கையை உயர்த்தி வேலை செய்பவர்கள் சிறிய பேட்டரியையே விரும்புவதில் நியாயம் உண்டு.

கேள்வி: பெட்டியின் மேல் 50/27 நியூட்டன் மீட்டர் என்று இரண்டு எண்கள் இருப்பது ஏன்?

பதில்: முதலாவது, திருகு உலோகத்தில் மோதிச் சட்டென்று நிற்கும் ‘கடின’ நிலையில் அளந்தது, இரண்டாவது, மரத்தில் இறங்குவது போல எதிர்ப்பு மெல்ல ஏறும் ‘மென்’ நிலையில் அளந்தது. ஒரு கருவியின் கடின எண்ணை மற்றொன்றின் மென் எண்ணோடு ஒப்பிட்டு வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: பிரஷ்லெஸ் மோட்டார் உண்மையிலேயே மேலானதா? என் நண்பரின் பிரஷ்லெஸ் டிரில், துளை பாதியில் இருக்கும்போதே சட்டென்று நின்றுவிடுகிறது.

பதில்: மேலானதுதான். பழைய வகையில் கார்பன் பிரஷ்கள் உராய்ந்தபடி சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கொடுக்கின்றன. உராய்வாலும் தீப்பொறியாலும் ஆற்றல் வீணாவதோடு பிரஷ்ஷும் தேய்கிறது. பிரஷ்லெஸ் வகையில் காந்தம் சுழல்கிறது, சுருள்கள் நிலையாக இருக்கின்றன. பெரும்பாலும் ஆறு மாஸ்ஃபெட்டுகள், காந்தம் நிற்கும் இடத்தை அறிந்து, சுருள்களுக்கு முறை வைத்து மின்னோட்டம் தருகின்றன. சுழலும் வேகத்தைக் கட்டுப்பாட்டுப் பலகை நேரடியாக அறிவதால், சுமை ஏறும்போது மின்னோட்டத்தைக் கூட்டி வேகத்தைத் தக்கவைக்கவும், அளவு மீறினால் நிறுத்திவிடவும் அதனால் முடியும். நண்பரின் டிரில் நிற்பது பெரும்பாலும் இந்தப் பாதுகாப்பினால்தான். டிரிக்கரை விட்டுவிட்டு, முதல் கியருக்கு மாற்றித் தொடரச் சொல்லுங்கள். அப்போதும் நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்து பாருங்கள். 1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் வெளியிட்ட முதல் கம்பியில்லா டிரில் நிக்கல் காட்மியம் செல்களில் இயங்கியது. அவ்வகைப் பேட்டரி தீரும்போது வேகம் மெல்லமெல்லத் தளரும். லித்தியம் செல்களை அளவுக்கு மீறி வடியவிட்டால் அவை கெட்டுவிடும் என்பதால், மின்னணுச் சுற்று முன்னறிவிப்பின்றி இணைப்பைத் துண்டித்துவிடுகிறது.

ஆண்டுக்கு நாலைந்து துளை போடுபவர், பிரஷ்லெஸுக்காகக் கூடுதலாகச் செலவிடுவதை விட நல்ல பேட்டரிக்குச் செலவிடலாம் என்பது எம் கருத்து.

கேள்வி: இரும்பில் துளையிட எந்த வேகம் சரி? ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பிட் உடனே மழுங்கிவிடுகிறது.

பதில்: பிட்டின் விளிம்பு உலோகத்தின் மேல் நகரும் வேகம்தான் கணக்கு. ஹெச்.எஸ்.எஸ். எனப்படும் அதிவேக எஃகால் ஆன சாதாரண பிட்டுக்கு, மென் இரும்பில் நிமிடத்துக்கு 25 மீட்டர் அளவு பொருந்தும். அதன்படி 3 மி.மீ. பிட்டுக்கு ஏறத்தாழ 2600 சுற்று வருவதால், இரண்டாம் கியரின் உச்ச வேகத்திலேயே வைக்கலாம்; 10 மி.மீ. பிட்டுக்கு 800 சுற்றுக்கு மேல் போகக் கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இதில் பாதிக்கும் குறைவாக, 10 மி.மீ. பிட்டுக்கு 300 சுற்று அளவில், முதல் கியரில் வைத்து, எண்ணெய் விட்டு, சுருள் சுருளாகத் தூள் வெளிவரும்படி உறுதியாக அழுத்த வேண்டும். அழுத்தாமல் வேகமாகச் சுழலவிட்டால் பிட் வெட்டாமல் தேய்க்கும். தேய்க்கப்பட்ட இடம் முன்னிலும் கடினமாகிவிடுவதால், அதன் பிறகு புது பிட்டை மாட்டினாலும் அந்தக் குழியில் இறக்குவது கடினம்.