எட்டு நாள் ஊருக்குப் போகிறோம், கோழிகளை யார் பார்ப்பது?

கேள்வி: மதுரைப் புறநகரில் வீட்டுக் கொல்லையில் 7 பெட்டைக்கோழிகளும் 1 சேவலும் வளர்க்கிறோம். எல்லாம் நாட்டுக்கோழிகள், குழந்தைகள் பேர் வைத்துக் கூப்பிடுபவை. இன்னும் மூன்று வாரத்தில், மே மாதத்தில், 8 நாள் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். பெரிய பாத்திரங்களில் தீவனமும் தண்ணீரும் நிரப்பி வைத்துவிட்டுப் போனால் போதுமா? இல்லை, கோழி வளர்க்கும் என் மாமா வீட்டில் கொண்டுபோய் விடலாமா? பக்கத்து வீட்டுப் பாட்டியும் பத்தாம் வகுப்பு படிக்கும் அவர் பேரனும் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். ஒரு பெட்டை அடைக்கு உட்காருகிறது. இப்போது முட்டை வைக்கலாமா?

பதில்: பாட்டியிடமும் பேரனிடமும் ஒப்படையுங்கள். மாமா வீடு வேண்டாம். நிரப்பி வைத்துவிட்டுப் போவது மே மாதத்தில் நிச்சயம் வேண்டாம். அடைக்கு இப்போது முட்டை வைக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

வெளியூர் போகிறவர்கள் பெரும்பாலும் தீவனத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அது சுலபமான பகுதி. அடைத்து வளர்க்கும் நாட்டுக்கோழி ஒன்று நாளைக்கு 80 முதல் 100 கிராம் தின்னும். எட்டுக் கோழிக்கு 800 கிராம் என்று வைத்தால் எட்டு நாளைக்கு ஆறரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சிந்துவதையும் சேர்த்து 8 கிலோ வாங்கி, மூடி உள்ள டப்பாவில் வைத்துவிட்டால் அந்தக் கவலை முடிந்தது. ஊரில் ஆள் இல்லாத வீட்டில் கோழிகள் சாவது பசியால் அல்ல. சாயங்காலம் கூட்டுக் கதவு சாத்தப்படாமல் போவதாலும், தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்து கிடப்பதாலும், ஓரமாக உட்கார்ந்துவிட்ட ஒரு கோழியை யாரும் கவனிக்காததாலும்தான் சாகின்றன. அதனால் நீங்கள் தேட வேண்டியது இரை போடும் ஆளை அல்ல, பொழுது சாயும்போது வந்து தலையை எண்ணிக் கதவைச் சாத்தும் ஆளை. பக்கத்து வீட்டிலேயே அப்படி இருவர் கிடைத்திருப்பது பெரிய விஷயம்.

கோழிகள் சூரியன் இறங்கும் நேரத்தில் தாமாகவே கூட்டுக்குள் போய்விடும், யாரும் விரட்ட வேண்டியதில்லை. ஆனால் எல்லாமே போய்விட்டனவா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். மங்கலான வெளிச்சத்தில் கோழிக்குப் பார்வை மிகவும் குறைவு. வெளியே மாட்டிக்கொண்ட கோழி கதவருகிலோ முருங்கைக் கிளையிலோ அப்படியே உட்கார்ந்திருக்கும், அது மரநாய்க்கு வைத்த விருந்து. எனவே பேரனுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய முதல் பாடம்: இருட்டும் நேரத்தில் கூட்டுக்குள் டார்ச் அடித்து எட்டு எண்ண வேண்டும், அப்புறம்தான் தாழ்ப்பாள். எட்டு வராவிட்டால் தேடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். காலையில் விடிந்ததும் திறந்துவிட வேண்டும். மே மாதத்தில் கூடு காலை எட்டு மணிக்கே புழுங்க ஆரம்பித்துவிடும் என்பதால் காலையிலும் தாமதம் கூடாது.

தானாகத் திறந்து மூடும் கதவு இணையத்தில் கிடைக்கிறது. இரண்டு வாரமாவது நீங்கள் வீட்டில் இருக்கும்போது ஓடவிட்டுப் பார்க்காமல் அதை நம்பாதீர்கள். அது கதவைச் சாத்துமே தவிர, எண்ணாது. ஒரு கோழி வெளியே நிற்கும்போதும் சாத்திவிடும்.

பகலிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, பலர் இதை யோசிப்பதில்லை. மரநாய் இரவில் வரும், கீரி பகலில் வேட்டையாடும். நீங்கள் வீட்டில் இருக்கும்போது பாத்திரச் சத்தம், பேச்சுக் குரல், குழந்தைகளின் ஓட்டம் எல்லாம் கீரியையும் தெருநாயையும் தள்ளி நிறுத்துகின்றன. வீடு அமைதியானதும் இரண்டும் துணிந்துவிடும். அதனால் அந்த எட்டு நாளும் கோழிகளை மேயத் திறந்துவிடாமல், மேலேயும் மூடிய வலையடைப்புக்குள் வைப்பதே நல்லது. தலைக்கு 10 சதுர அடி வீதம் எட்டுக் கோழிக்கு 80 சதுர அடி இருந்தால் ஓரளவு நெருக்கடி இல்லாமல் இருக்கும். சாதாரணக் கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், நாய் அதைக் கடித்துக் கிழித்துவிடும். கீழ்ப்பகுதியிலாவது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் அடித்து, ஓர் அடி ஆழம் மண்ணுக்குள் இறக்குங்கள். பெருச்சாளி தோண்டிக்கொண்டு வருவது அதோடு நிற்கும்.

மேய்ந்து பழகிய கோழிகளைத் திடீரென்று அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அடைத்துப் பழக்குங்கள். முருங்கைக்கீரையைக் கட்டாகக் கட்டி, கொஞ்சம் எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டால் கவனம் அதில் போய்விடும்.

இனி வெயில். மதுரையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கம். கோழியின் உடல் வெப்பமே இயல்பாக 41 டிகிரி அளவில் இருக்கிறது, அதற்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, அதற்குத் தண்ணீர் வேண்டும். சாதாரண நாளில் ஒரு கோழி கால் லிட்டருக்கு உள்ளாகக் குடித்தால், இந்த வெயிலில் அது இரண்டு மடங்கு ஆகலாம். எட்டுக் கோழிக்கு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கு வைத்து, அதை ஒரே பாத்திரத்தில் வைக்காமல் மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். ஒன்று கவிழ்ந்தாலும் இரண்டு மிஞ்சும். அகலமான மண்சட்டியைப் பழைய டயருக்குள் உட்கார வைத்தால் கவிழாது, தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும். பிளாஸ்டிக் பாத்திரத்தில் சூடேறிய தண்ணீரைக் கோழி தாகம் இருந்தாலும் சரியாகக் குடிக்காது.

ஒரு வேலையைக் கட்டாயம் செய்யுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்குக் கொல்லையில் போய் நின்று, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காலையில் நிழலாக இருந்த மூலை அந்த நேரத்தில் வெட்ட வெயிலில் கிடக்கும். தண்ணீர்ச் சட்டிகளின் இடத்தை அந்த 2 மணி நிழலை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கூடு தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டதாக இருந்தால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள். வெயில் படும் பக்கத்தில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டால், பாட்டி மதியம் ஒருமுறை வந்து அதில் தண்ணீர் தெளித்து, சட்டிகளையும் நிரப்பிவிட்டுப் போகலாம். இரையைக் காலையிலும் சாயங்காலமும் போட்டால் போதும். உச்சி வெயிலில் தின்றால் செரிக்கும்போது உடலில் இன்னும் சூடு ஏறும். எல்லாக் கோழியும் வாயைத் திறந்திருப்பது வெயிலுக்கு இயல்பு. ஆனால் ஒன்று மட்டும் இறக்கையை விரித்துச் சாய்ந்து கிடந்தால் உடனே நிழலுக்குத் தூக்கிப் போய்க் காலைச் சாதாரணத் தண்ணீரில் நனைக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பாட்டிகள் கோழிக்கு அன்பாகப் போடுவது மிச்சச் சோறும் குழம்பும். இதை முன்னாலேயே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். இந்த வெயிலில் ஈரச்சோறு சில மணி நேரத்தில் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், உப்பு அதிகமான சாப்பாடு கோழிக்கு நஞ்சு. கம்பு, குருணை, மக்காச்சோளம் போன்ற உலர்ந்த இரையே போதும். பாட்டிக்கு ஆசையாக ஏதாவது போட வேண்டும் என்றிருந்தால் ஒரு கைப்பிடி கீரை போடட்டும்.

முட்டையைத் தினமும் எடுக்கச் சொல்லுங்கள், அத்தனையும் அவர்களுக்கே என்றும் சொல்லிவிடுங்கள். எடுக்காமல் விட்டால் பாம்பும் பெருச்சாளியும் தேடி வரும், கோழிகளே கொத்திக் குடிக்கவும் பழகும். உங்களிடம் சேவல் இருப்பதால் முட்டைகள் கருக்கூடியவையாக இருக்கும். இந்தச் சூட்டில் இரண்டு மூன்று நாள் கிடந்தாலே உள்ளே கரு வளரத் தொடங்கிவிடும். அப்புறம் அது சாப்பிடவும் ஆகாது, பொரிக்கவும் பொரிக்காது. முட்டையோடு நிறுத்தாமல் பேரன் கையில் ஒரு தொகையும் கொடுங்கள். நாளைக்கு மூன்று முறை வந்து போவது வேலைதான்.

மாமா வீடு ஏன் வேண்டாம் என்றால், அவரிடம் கோழிகள் இருப்பதால்தான். பார்க்க நன்றாக இருக்கும் கோழியே வெள்ளைக்கழிச்சலையும் சளி நோயையும் ரத்தக்கழிச்சலையும் சுமந்துகொண்டிருக்கலாம். உங்கள் கோழி அவருடையதற்குக் கொடுக்கும், அவருடையது உங்களுடையதற்குக் கொடுக்கும். அதோடு கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்கி நிற்பது என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. புதிதாக எட்டுப் பேர் போய் நின்றால் சண்டை ரத்தம் வரை போகும், இரண்டு சேவல்கள் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். கூடையில் அடைத்து மே மாத வெயிலில் கொண்டுபோவதே ஆபத்து. பாட்டிக்கு உடம்பு முடியாமல் போய் வேறு வழியே இல்லை என்றால், மாமா வீட்டில் தனி அடைப்பில், அவருடைய கோழிகள் மூக்கை நீட்ட முடியாத தூரத்தில் வையுங்கள். அதிகாலையிலேயே கொண்டுபோங்கள். அவர் முதலில் தன் கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியில் உங்களுடையதிடம் வரட்டும், அங்கே தனிச் செருப்பு போட்டுக்கொள்ளட்டும். நோய் செருப்பிலும் கையிலும்தான் அதிகம் நடக்கிறது. பேரனிடமும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: சிநேகிதன் வீட்டுக் கோழியைத் தொட்டுவிட்டு, கை கால் கழுவாமல் உங்கள் கொல்லைக்கு வரக்கூடாது.

அடைக்கோழிக்கு வருவோம். முட்டை பொரிக்க 21 நாள். இன்று வைத்தால் நீங்கள் பெட்டியோடு கிளம்பும் நாளில் குஞ்சு ஓடு உடைக்கும். குஞ்சு வெளியே வந்த முதல் வாரம்தான் அதிகக் கவனம் கேட்கும் வாரம். காகம், பருந்து, பூனை எல்லாவற்றுக்கும் அது இரை, தண்ணீர்ச் சட்டியில் கூழாங்கல் போடாவிட்டால் அதிலேயே மூழ்கிவிடும். அதைப் பாட்டி தலையில் கட்டுவது நியாயம் இல்லை. கிளம்பும் தறுவாயில் வைத்தால் திரும்பி வந்தபின் பொரிக்குமே என்று தோன்றலாம். கணக்கு சரி. ஆனால் உச்ச வெயிலில் பொரிப்பு குறையும், அடையில் இருக்கும் கோழி நாளைக்கு ஒருமுறைதான் எழுந்து தின்னும், குடிக்கும். அந்தக் கோழிக்கு வெயில் மற்றவற்றை விடக் கடுமையாக உறைக்கும். இந்த முறை அடையைக் கலைத்துவிடுவதே நல்லது.

கலைப்பது எளிது. கம்பி அடிப்பகுதி உள்ள ஒரு கூண்டைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் காற்று போகும்படி நிழலில் வையுங்கள். உள்ளே வைக்கோல் போடாதீர்கள். தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் அதில் விட்டால், அடிவயிற்றுச் சூடு தணிந்து பெரும்பாலும் கலைந்துவிடும். மூக்கில் இறகு செருகுவதும் பட்டினி போடுவதும் ஊரில் பார்த்திருப்பீர்கள். அது கோழிக்கு வதை, அவசியமும் இல்லை. வெளியே எடுக்கும்போது இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் பேன், செள் இருக்கிறதா என்று பாருங்கள். அடைக்கோழியில்தான் அவை அதிகம் சேரும்.

இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று தடுப்பூசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாமில் போட்டிருந்தால் நல்லது. விட்டுப்போயிருந்தால் இப்போதே அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி முழுதாக வர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும், உங்களிடம் மூன்று வாரம் இருக்கிறது. சில நாள் முட்டை குறையலாம், அதை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முந்தின நாள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். புதுத் தீவனம், புதுத் தண்ணீர்க் குழாய் எதையும் கடைசி வாரத்தில் மாற்றாதீர்கள்.

பேரனையும் பாட்டியையும் மூன்று நான்கு சாயங்காலம் உங்களோடு நிற்க வையுங்கள். கடைசி நாளில் நீங்கள் தள்ளி நின்று, அவர்களே முழுதாகச் செய்யட்டும். நீங்கள் ‘பா பா’ என்று கூப்பிட்டு இரை போடுபவரானால் அதே குரலை அவர்களும் பழகட்டும், ஆபத்து நேரத்தில் கோழிகளை உள்ளே அழைக்க அதுதான் கயிறு. சேவல் புது ஆளைப் பாய்ந்து உதைக்குமா என்பதும் அந்த நாட்களில் தெரிந்துவிடும். உதைத்தால் பாட்டி உள்ளே போகவே கூடாது. தண்ணீரும் இரையும் வெளியிலிருந்தே வைக்க ஒரு சிறு திறப்பு போட்டுக் கொடுங்கள்.

நோய் அறிகுறிகளை நீளமாக எழுதிக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். சிறகைச் சிலுப்பிக்கொண்டு கண் மூடித் தனியாக நிற்கும் கோழி, வெள்ளையாகவோ பச்சையாகவோ கழியும் கோழி. இவ்வளவு போதும். அதைப் பஞ்சாரத்தில் தனியாக மூடி, நிழலில் தண்ணீரோடு வைத்து, எச்சத்தையும் சேர்த்துப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பட்டும். மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துப் போட வேண்டாம். மருந்தக மருத்துவரின் எண்ணைச் சுவரில் ஒட்டுங்கள், கூடவே கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணையும்.

ஒரு கோழி செத்துப்போனால் என்ன செய்வது என்பதையும் போவதற்கு முன்பே பேசிவிடுங்கள். சங்கடமான பேச்சுதான். பேசாமல் விட்டால், நம் பொறுப்பில் இருந்தபோது இப்படி ஆகிவிட்டதே என்று பாட்டி பயந்து உங்களிடம் மறைக்கக்கூடும். அந்த ஒரு நாள் மறைப்பில் மற்றவையும் போய்விடலாம். ‘எது நடந்தாலும் உங்கள் தப்பு இல்லை, உடனே சொல்லுங்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இறந்த கோழியைச் சமைக்கவோ குப்பையில் வீசவோ கூடாது. ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு மூன்று செத்தால் புதைப்பதற்கு முன் மருத்துவருக்குத் தகவல் போக வேண்டும். பேர் வைத்து வளர்க்கும் குழந்தைகளிடம் அந்தச் செய்தியை நீங்களே சொல்லுங்கள், போனில் பாட்டி வழியாக அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

திரும்பி வந்த அன்று இரவு, கூட்டில் அடைந்தபின் ஒவ்வொரு கோழியாகத் தூக்கிப் பாருங்கள். நெஞ்செலும்பு முன்பைவிடக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் அது சரியாகத் தின்னவில்லை, மற்றவை விரட்டியிருக்கலாம். அதற்குச் சில நாள் தனியாக இரை வையுங்கள். மேய்ச்சலுக்கு மறுநாளே திறந்துவிடலாம். முட்டை குறைந்திருந்தால் பாட்டியைக் கேள்வி கேட்காதீர்கள். வெயிலும் அடைப்பும் சேர்ந்தால் அது குறையத்தான் செய்யும். இரண்டு வாரத்தில் பழையபடி வரும், வராவிட்டால் மிகவும் இளைத்த கோழியை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.