கணவருக்கு நரம்புக் கட்டிகள், மகனுக்குக் காப்பிநிறத் திட்டுகள்: மரபணுப் பரிசோதனை அவசியமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். என் கணவருக்குப் பதினைந்து வயதிலிருந்து முதுகிலும் இரு கைகளிலும் மெத்தென்ற கட்டிகள் உள்ளன. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்று மருத்துவர்கள் உறுதிசெய்துள்ளனர். ஐந்து வயது மகனின் உடலில் பால்காப்பி நிறத்தில் ஒன்பது திட்டுகள் இருக்கின்றன. மூவருக்கும் மரபணுப் பரிசோதனை செய்தால்தான் தெரியும் என்று ஒரு லேப் ஏஜென்ட் வற்புறுத்துகிறார். செய்ய வேண்டுமா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பதில்: மகனுக்கு நோய் இருக்கிறதா என்று அறிவதற்காக அந்த ஏஜென்டிடம் பணம் கட்ட வேண்டாம். தந்தைக்கு இந்நோய் உறுதியாகியிருக்கும் நிலையில், பருவமடையாத குழந்தையின் உடலில் 5 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள ஆறு திட்டுகள் இருந்தாலே பொதுவாக நோய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு தோல் மருத்துவர் அளவுகோலை வைத்துப் பார்த்துச் சொல்லக்கூடியதைத்தான் உங்களிடம் விலைபேசுகிறார்கள். உங்களுக்கு இந்நோயின் அறிகுறி ஏதும் இல்லையென்றால் உங்கள் ரத்தத்தை எடுப்பதற்குக் காரணமே இல்லை.

நரம்பைச் சூழ்ந்துள்ள செல்கள் மிகையாகப் பெருகாமல் அடக்கிவைக்கும் மரபணு 17-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது பழுதுபடுவதால் வருவது இந்நோய். உங்கள் கணவரிடமிருந்து அது ஒவ்வொரு குழந்தைக்கும் செல்ல 50 சதவீத வாய்ப்பு உண்டு. மூத்தவனுக்கு வந்துவிட்டதால் இளையது தப்பிவிடும் என்ற கணக்கு இதில் செல்லாது. கருவிலேயே அறிய விரும்பினால் பரிசோதனை பயன்படும். ஆனால் முதலில் கணவரின் ரத்தத்தில் பழுது எங்கே என்று கண்டறிய வேண்டும், அதையும் கருத்தரிப்பதற்கு முன்பே மரபியல் மருத்துவரின் ஆலோசனைப்படி செய்ய வேண்டும். நோய் எவ்வளவு கடுமையாகும் என்பதைப் பெரும்பாலும் எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கட்டிகள் ஒரே கையிலோ மார்பின் ஒரு பக்கத்திலோ மட்டும் இருக்கும். அவர்கள் தாயின் வயிற்றில் கருவாக உருவான பின்னர் சில செல்களில் மட்டும் பழுது ஏற்பட்டிருப்பதே காரணம். அவர்களுடைய ரத்தத்தில் பழுது தென்படாமல் போகலாம். அந்த முடிவைக் கையில் கொடுத்து, ‘உங்களுக்கு நோயே இல்லை’ என்று அனுப்பிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கட்டியின் திசுவையே பரிசோதிக்க வேண்டும். குழந்தைக்குச் செல்லும் வாய்ப்பு குறைவு என்றாலும், சென்றுவிட்டால் அக்குழந்தைக்கு உடல் முழுவதும் நோய் இருக்கும். உங்கள் கணவருக்கு இரு கைகளிலும் கட்டிகள் இருப்பதால் இது பொருந்த வாய்ப்பு குறைவு.

என்னை உறங்கவிடாத வேறொன்று உண்டு. இக்கட்டிகளைக் ‘கொழுப்புக்கட்டி’ என்று சொல்லிச் சிறு கிளினிக்குகளில் அரைமணி நேரத்தில் அறுத்துவிடுகிறார்கள். ஆழத்தில் இருக்கும் நியூரோஃபைப்ரோமா என்னும் இந்த நரம்புக் கட்டி நரம்பிழைகளுக்குள்ளேயே பின்னிக் கிடக்கும். நரம்பும் சேர்ந்து அறுபட்டு, விரலை நீட்ட முடியாமல் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கமிஷனுக்காக அங்கே அழைத்துச் செல்பவர்களை நம்பாதீர்கள்.

மகனுக்கு இப்போது தேவை ஆண்டுதோறும் கண் பரிசோதனை. பார்வை நரம்பில் வரும் கட்டி பெரும்பாலும் ஏழு வயதுக்குள் தோன்றுகிறது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இதைச் செய்துகொள்ளலாம். ரத்த அழுத்தம், முதுகெலும்பு வளைவு, படிப்பில் தடுமாற்றம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தோலுக்கு ஒரு நாள், கண்ணுக்கு ஒரு நாள், நரம்புக்கு ஒரு நாள் என்று தினக்கூலிக் குடும்பத்தை அலைக்கழிக்கும் நம் ஏற்பாடு எனக்கு வெட்கத்தைத் தருகிறது. ஒரே நாளில் ஓரிடத்தில் பார்க்க ஏன் முடியாது என்று பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அதுவரை எல்லாச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

கணவருடைய கட்டிகளில் ஏதேனும் ஒன்று வேகமாக வளர்ந்தாலோ, கெட்டியானாலோ, இரவிலும் ஓயாமல் வலித்தாலோ, அது புற்றாக மாறியிருக்கலாம். மறுநாளே ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனையில் காட்டுங்கள்.