60 லட்சம் சொல்லும் பழைய வீட்டை எவ்வளவுக்குக் கேட்கலாம்?

எடுத்த எடுப்பில் தொகை சொல்லாதீர்கள். அதே தெருவில் அண்மையில் வீடு என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். மாடிச் சுவரில் ஓதம் தெரிந்தால் கொத்தனாரிடம் செலவு கேட்டு, அந்தக் கணக்கையே பேச்சில் வையுங்கள். வெறும் "கொஞ்சம் குறைச்சுக்குங்க"வுக்கு யாரும் இறங்குவதில்லை. நானாக இருந்தால் 54-இல் தொடங்கி 57-க்குள் முடிப்பேன். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 57 லட்சத்துக்கே 5.13 லட்சம் தனியாக வேண்டும். அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூடுதலென்றால் கணக்கு அதன்மேல்தான். கடன் ஒப்புதலைக் கையில் வைத்துக்கொண்டு "ஒரே மாதத்தில் கிரயம்" என்றால், அவசரத்தில் இருப்பவர் இன்னும் இறங்குவார். மூலப்பத்திரத்தையும், சொத்தின்மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றையும் வக்கீல் பார்க்கும்வரை அட்வான்ஸ் வேண்டாம். தரகர் "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு" என்பார். எல்லா வீட்டுக்கும் அவர் அதைத்தான் சொல்வார்.